கண்டிக்காரியின் ஒப்பாரி

மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் களை வெட்டிப் பிழைத்த குஞ்சம்மாள் போன வாரம் இறந்துபோனாள். இழவுக்கு நாலைந்து பெண்கள் வந்தார்கள். பாடத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை.

பஞ்சத்தில், பன்னிரண்டு வயதில், தகப்பனோடு கண்டிச் சீமைக்குப் போனவள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் நிறைமாதக்காரி ஒருத்தியைக் கங்காணி கொட்டும் மழையில் கொழுந்து பறிக்க விட்டான். அவள் செத்துப்போனாள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து கங்காணியின் பெயரைச் சொல்லியே அழுதார்களாம். நம் ஊரில் பெருமையை மட்டும்தான் பாடுவார்கள். "எழவுல நெசத்தையும் பாடலாம்னு அங்கதானுங்க தெரிஞ்சுக்கிட்டேன்" என்பாள்.

விதவையாகத் திரும்பி வந்தவளை ஊர் 'கண்டிக்காரி' என்று கேலி பேசியது. ஆனால் யார் செத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டது. கடலையே பார்க்காத கிழவர்களைப் பாட்டிலேயே கப்பலேற்றி, பனிமலை தாண்டி அனுப்பிவைப்பாள். கேட்பவர்கள் சொக்கிப்போவார்கள்.

1938இல் என் தங்கை சௌந்திரம் பிரசவத்தில் இறந்தாள். இரண்டு நாள் வலி. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்ட அவள் மாமனார் செங்கோட்டையன் சம்மதிக்கவில்லை. மாட்டுச்சந்தைக்கென்று தீனி போட்டு வளர்த்த இரண்டு சோடிக் காளைகள் அலுத்துவிடுமாம். ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பந்தலில் குஞ்சம்மாள் மாரடித்துக்கொண்டு தொடங்கினாள்:

"மயிலைக்காளை ரெண்டிருக்க, செவலைக்காளை ரெண்டிருக்க,
மகராசி நீ பொழைக்க வண்டியொண்ணு பூட்டலையே!"

செங்கோட்டையன் எழுந்து வந்தார். "ஏய் குஞ்சா! எழவு ஊட்டுல மாட்டுப் பேச்சென்ன? ஊட்டுப் பெருமையைப் பாடு."

"மாடு வேண்டாமுங்களா பண்ணாடி? அப்ப வண்டியப் பாடட்டுங்களா?"

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று ஓவென அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. உங்க தங்கச்சி சாவுல இந்தக் கழுதை கத்தறதை நிறுத்தச் சொல்லுங்க."

நான் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு குஞ்சம்மாளிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு, பாடை எடுக்கும்வரை அதையே பாடினாள்.

மறுநாள் செங்கோட்டையன் பண்ணையில் அவளுக்கு வேலை போயிற்று. வேறு எந்தப் பண்ணையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நாமக்கல் ரோட்டில் சல்லி உடைக்கப் போனாள். ஒரு மாதம் கழித்துச் செங்கோட்டையன் தன் பண்ணையாள் அங்கமுத்துவை அனுப்பினார். பந்தலில் தப்பாகப் பாடிவிட்டேன் என்று அவர் வாசலில் வந்து சொல்லிவிட்டால் போதும், வேலை உண்டு என்றான்.

அப்போது நான் அங்கே நின்றிருந்தேன். சுத்தியலைக் கீழே வைக்காமலே அவள் சொன்னாள்: "மெட்டு புடிக்கலைன்னா மாத்திப் பாடறேன்னு சொல்லுங்கண்ணா. கட்டுத்தறியில மாடு நாலு நின்னுச்சு. அதை மாத்த மாட்டேன்."

சாகும்வரை எட்டு வருஷம் சல்லி உடைத்தாள்.