மெர்சி அக்காவின் சைக்கிள்

நேற்று எங்கள் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாங்கப் போன தயிரை மறந்துவிட்டுப் படியேறி வந்துவிட்டேன். எனக்கு இது வழக்கம்தான். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தொண்ணூறுகளில் பல்லடத்தில் இருந்தோம். அப்பா கோழிப்பண்ணை லாரி ஓட்டினார். மெர்சி அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். தறி முதலாளி ஒருவரின் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை, போய்வர ஒரு லேடீஸ் சைக்கிள். அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வந்தது நாங்கள் மட்டும்தான்.

அதன் பிறகு அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சோறு வடிப்பாள், எங்களுக்குப் போடுவாள், தன் தட்டில் ஒன்றும் போடாமலே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். அழுகை வரவில்லை. அக்கம்பக்கத்தார் அதை நெஞ்சுரம் என்றார்கள். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். மனதார ஈகிறவனை ஆண்டவர் நிறைவாய் ஆசீர்வதிப்பார் என்று போதகர் ஆண்டுதோறும் அன்றைக்குப் பிரசங்கிப்பார். அந்த வருடம் பண்டிகையன்று காலையில் அம்மா தலைவாரிக்கொண்டு சைக்கிளைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டாள்.

அப்பா வாசலில் நின்று, "அத எதுக்கு அம்மணி குடுக்கற? புள்ள ஞாபகமா இருக்கட்டுமே" என்றார்.

"ஊட்டுல நின்னா துருதானுங்க புடிக்கும்."

சுரைக்காய், தேங்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல் எல்லாம் ஏலம் போன பிறகு தேவராஜ் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஏலம் விடுகிறவர் அவர்தான். ஒருவரும் விலை கேட்கவில்லை. யாருடைய சைக்கிள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் ஒரு பூசணிக்காயை. அதன் காம்பு கோணலாக இருந்தது. நினைக்க வேண்டியதை விட்டுவிட்டுப் பூசணிக்காயில் போய் நிற்கிற புத்தி எனக்கு.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "சங்கடப்படாமக் கேளுங்க. அது ரோட்டுல ஓடோணுமுங்க."

கடைசி வரிசையில் தறியோட்டும் சரசு மெதுவாகக் கை தூக்கினாள். தேவராஜ் மாமா அவளுக்கு மேல் யாரையும் கேட்கவிடாமல் மளமளவென்று மூன்று தரம் சொல்லி முடித்தார்.

ஏதாவது திரும்பி வரும் என்று நானும் சில நாள் எதிர்பார்த்தேன். என்ன வரும் என்று தெரியவில்லை. வந்தது சரசு. முட்டியெல்லாம் சிராய்ப்பு.

"ஏனுங்கக்கா, வாங்கிப்போட்டேன். ஓட்டத் தெரியலீங்க."

அம்மா "இரு, வாரேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு சரசுவின் பின்னால் ஓடுவாள். "கீழ பாக்காத கண்ணு, முன்னாடி பாரு." சரசு விழுவாள். கூடவே அம்மாவும் விழுவாள். ஒருநாள் அம்மா மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்து, தட்டை நிமிர்த்தி, சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டாள். அப்பா ரசத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சட்டென்று எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அதுதான் ஆசீர்வாதம் என்று அம்மா சாகும்வரை நம்பினாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒன்றும் அசையவில்லை. தண்ணீர் மொண்டு வைத்துவிட்டுப் படிக்கப் போனேன்.

எங்கள் சபைக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போது காணிக்கை செல்போனில் போகிறது, ஏலம் இல்லை. சரசு ஓட்டிய தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டார்கள். அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அக்காவின் முகம் ஒரு போட்டோவில் இருக்கிறது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.