சத்தம் கேக்கலையே, தம்பி!

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு வாழைத்தார் ஏற்றிவர லாரி கொண்டுபோயிருந்தேன். வழக்கமாக அந்த மலைக்குப் போகும் டிரைவர் மாலை போட்டு சபரிமலைக்குக் கிளம்பிவிட்டார். "ஒரு வாரம் நீ போயிட்டு வாடா" என்று முதலாளி சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வடமதுரைப் பக்கத்து ஆள். பத்து வருடமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். திருச்சி, சென்னை, நெல்லூர் என்று எல்லாமே சமதரை ரோடு. மலை ஏறியது என்றால் கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்குப் போனதுதான். அதுவும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு! ஆனாலும் அன்றைக்கு என் தலைக்கனம் மட்டும் தனியாக எட்டு டன் இருக்கும். லேசாகச் சரிவு கண்டால் போதும், கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவேன். எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். டீசலும் மிச்சம், காதுக்கும் சுகம். "அவன் ஓட்டுனா பூ மாதிரி போகும்ப்பா" என்று ஷெட்டில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் வீங்கிப் போயிருந்தேன்.

காலையில் மலை ஏறும்போது இரண்டாவது கியரை விட்டு வண்டி மாறவே இல்லை. வழி முழுக்க ஒரே அலறல். காது அடைத்துவிட்டது. இறங்கும்போதாவது நிம்மதியாக வரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கெல்லாம் பாரம் ஏற்றி முடித்துவிட்டார்கள். கீழே எலுமிச்சை மூட்டைகள், அதற்கு மேல் வாழைத்தார்கள். கிளீனர் அன்றைக்கு வரவில்லை, அவன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. நான் மட்டும் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு அம்மா குறுக்கே வந்து கையைக் காட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவருடைய மகள், நிறைமாதம் போலத் தெரிந்தது.

"தம்பி, திண்டுக்கல்லுக்குத்தான போறீக? பஸ்ஸு ரிப்பேராம், வராதாம். இவளுக்கு எட்டு மாசம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. பிரஷர் கூடிப்போச்சு, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நர்சம்மா சொல்லிருச்சு."

அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தேன். செருப்பு நுழையாமல் கையில் வைத்திருந்தாள். மறுபேச்சு பேசாமல் ஏற்றிக்கொண்டேன். நடுவில் அம்மா, ஜன்னல் ஓரம் மகள். ஊரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. கியரில் வந்தால் வண்டி உறுமும், உதறும். பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கிறாளே, குலுங்கக் கூடாது என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு கியரை எடுத்து நியூட்ரலில் போட்டேன்.

வண்டி அடங்கியது. டயர் ஓடும் சத்தமும் வாழைத்தார் உரசும் சத்தமும் மட்டும்தான். பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே முதல் கொண்டை ஊசி வளைவைத் திரும்பினேன். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது. அந்தப் பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஆனால் அம்மாதான் நிலைகொள்ளாமல் முன்னால் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பதும், ஜன்னல் பக்கம் காதைக் கொடுப்பதுமாக இருந்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"சத்தம் கேக்கலையே, தம்பி."

"எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான்க்கா இருக்கு. ஒங்க மகளுக்காகத்தான் அலுங்காம எறக்குறேன்."

"அவ குலுங்குனா பரவாயில்ல. எறங்குற வண்டி கத்தணும். நாங்க இந்த ரோட்டுல ஜல்லி சொமக்குற ஆளுக. சத்தம் கேட்டா ஒதுங்கிக்கிருவோம். சத்தமில்லாம வாரதுதான் ஆள அடிக்கும், இல்லன்னா பள்ளத்துல கெடக்கும். ரெண்டையும் பாத்துருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. கூடை சுமக்கிற அம்மா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறதா? "அக்கா, நான் பத்து வருசமா ஓட்டுறேன், நீங்க பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் பாராத மாதிரி இருந்தேன்.

நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ, சரியாக நினைவில்லை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுவது போல ஒரு வாடை வந்தது. யாரோ காட்டில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். வண்டி கேட்கவில்லை. இன்னும் அழுத்தினேன். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். வேகம் குறையவே இல்லை, கூடியது. கருகியது காடு இல்லை, என் பிரேக்!

அந்த வளைவை எப்படித் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மேலே கட்டியிருந்த பாரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, வண்டியே ஒரு பக்கம் தூக்கியது. கியரைப் போடப் பார்த்தேன். அந்த வேகத்தில் எந்தக் கியர் விழும்? இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் கரகரவென்று பல் அரைத்துக் கையைத் தள்ளிவிட்டது. கைப் பிரேக்கை இழுத்தேன், பேருக்கு இழுத்த மாதிரிதான் இருந்தது. என் பிள்ளைகள் முகம் ஒரு நொடி வந்து போனது. அதை விடவும் பக்கத்தில் இருந்த அந்த வயிறுதான் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று உயிரைக் கூட்டிக்கொண்டு வந்து கொல்லப்போகிறேனே, முருகா!

"பிரேக் இல்லக்கா" என்றேன்.

அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை. மகளை ஒரு கையால் சீட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிக் காட்டினார். "முன்னாடி ஒரு பாறை தெரியுது பாருங்க. அதத் தாண்டுனதும் மலைப் பக்கமா ஒரு தடம் மேல ஏறும். கல்லு எடுக்குறதுக்கு நாங்க வெட்டுன தடம். லாரி போகும். அதுல விட்டுருங்க."

பாறை வந்தது. அதைத் தாண்டியதும் செடி மண்டிய ஒரு மண் பாதை மேலே ஏறியது. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். பக்கக் கண்ணாடி மரத்தில் அடித்துச் சிதறியது. வாழைத்தார்கள் பொலபொலவென்று ரோட்டில் கொட்டின. மழையில் ஊறிய மண் சக்கரத்தைப் பிடித்தது. ஏற ஏற வேகம் குறைந்தது. நிற்கப்போகிற நேரத்தில் ஒன்றாவது கியரை உள்ளே தள்ளி எஞ்சினை அணைத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்ற வண்டி பின்னால் உருண்டால் நேரே பள்ளம்தான். அதை நான் யோசித்து முடிப்பதற்குள், மகளைத் தாண்டி அந்த அம்மா கீழே குதித்திருந்தார். இரண்டு பெரிய கல்லை உருட்டிவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "இனி எறங்குங்க" என்றார்.

இறங்க முடியவில்லை. கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. அப்படியே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. "மன்னிச்சிருங்கக்கா" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். சக்கரம் பொகையுது, அதப் பாருங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு, மகளைக் கைத்தாங்கலாக இறக்கி மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிரேக் ஆற ஒன்றரை மணி நேரம் ஆனது. ரோட்டில் கிடந்த தார்களை நானும் அவரும் பொறுக்கி ஏற்றினோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் மேலேயிருந்து வந்து நின்றது. நாங்கள் ரோட்டு ஓரமாகத்தான் நின்றிருந்தோம், ஆனால் பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் அது வருவதே தெரியவில்லை. பின்னால் நெருக்கியடித்து ஆட்கள். "ரெண்டு பேரு ஒக்காரலாம், வாங்க" என்றார் டிரைவர்.

"போங்கக்கா, நேரமாச்சு" என்று நானே சொன்னேன். அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண் இருந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவில்லை.

"வேணாம்மா. இந்த அண்ணன் வண்டியிலயே போவோம்."

"ஏன்டி?"

"அந்த ஜீப்பும் சத்தமில்லாமத்தான் வந்துச்சு. இவராச்சும் ஒரு தடவ பயந்துட்டாரு. அந்த ஆளுக்கு இன்னும் பயம் வரல."

அம்மா என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. பிறகு பையை என் வண்டியில் வைத்தார். "ஏறுனப்ப எப்புடிக் கத்துச்சோ, அப்புடியே கத்தணும் எறங்குறப்பயும். அதுக்குச் சம்மதமுன்னா வாரோம்" என்றார்.

பிரேக்கை நாலு தடவை சோதித்துப் பார்த்தேன். அவர் ரோட்டில் நின்று வழி சொல்ல, வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் இறக்கினேன். இரண்டாவது கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். எஞ்சின் அலறியது. கேபின் உதறியது. ஆனால் வண்டி ஓடவில்லை, நடந்தது. அத்தனை பாரமும் முன்னால் தள்ளுகிறது, எஞ்சின் விடமாட்டேன் என்று இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கை வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டதோடு சரி. பத்து வருடமாக எஞ்சின் என்றால் வண்டியை ஓட்டுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். நிறுத்திப் பிடிப்பதும் அதுதான் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது.

பாதி தூரத்தில் ஒரு வளைவைத் திரும்பினால், ரோட்டு வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடையும் மண்வெட்டியுமாக ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் கையைத் தூக்கிச் சிரித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் வந்த மாதிரி வந்திருந்தால் அந்தச் சிரித்த முகங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, புள்ள ஒதைக்குதும்மா" என்றாள் அந்தப் பெண்.

"சத்தம் அதுக்கும் கேட்ருச்சு போல" என்று அம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

லோடு இறக்கும் இடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "வாரோம் தம்பி" என்று சொல்லி மகளை அணைத்துக்கொண்டு உள்ளே போனார். பெயர்கூடக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மாலை போட்ட டிரைவர் திரும்பி வந்தார். நான் முதலாளியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "மலை லைனை எனக்கே குடுங்க" என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார், கொஞ்ச நாள் கழித்துக் கொடுக்கவும் செய்தார். மாசி மாதம் ஒருநாள் பாரத்தோடு இறங்கி வரும்போது ரோட்டு ஓரத்தில் அந்த அம்மா கூடையோடு நின்றிருந்தார். வண்டியை நிறுத்தினேன். "பொம்பளப் புள்ள! தாயும் புள்ளையும் நல்லாருக்காக!" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். பதிலுக்கு ஹாரனை அடித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை நல்ல டிரைவர் என்று நம்பி என் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் நான் செய்த தப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் நம்பி ஏறியவர்கள் அந்தத் தாயும் மகளும்தான், அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருக்க வேண்டுமே என்கிற பயத்தோடுதான் இன்றைக்கும் ஒவ்வொரு இறக்கத்திலும் கியரில் கை வைக்கிறேன்.