கிண்ணம் வந்து கெடுத்த விளையாட்டு

பிள்ளைகள், போன கிழமை, ஒன்றுகூடல் நடத்துகிற எங்கட சங்கத்தின் தலைவர் போன் எடுத்து அந்த இரண்டு பந்துகளையும் கேட்டபோது, "தரமாட்டன்!" என்று நான் கத்தினேன். "ஏனப்பா இவ்வளவு ரூடா கதைக்கிறீங்கள்?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

அந்தப் பந்துகளைப் பின்னித் தந்தவர் என்னோடு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவர். பசிபிக் கடலில் துவாலு என்ற சின்னஞ்சிறு தீவுநாட்டுக்காரர். அவருடைய ஊரில் பெரிய வெளி என்றால் விமான ஓடுபாதைதானாம். பிளேன் வராத பின்னேரங்களில் ஃபுட்போல், வொலிபோல் எல்லாம் அதிலேதான். ஆனால் அவர் கண் மினுங்கச் சொன்னது பழைய விளையாட்டு ஒன்றை. பெயர் "தெ ஆனோ". இரண்டு பக்கமும் ஆட்கள் முகம் பார்த்து வரிசையாக நிற்பார்கள். தாழையோலையில் பின்னிய இரண்டு பந்துகள் ஒரே நேரத்தில் பறக்கும். உள்ளங்கையால் அடிக்க வேண்டும். நிலத்தில் விழவிட்டால் மற்றப் பக்கத்துக்குப் புள்ளி.

"ஒரு பக்கம் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"வந்த ஆக்கள் எல்லாரும்," என்றார். "பொம்பிளையளும்தான். என்ர மாமி அடிச்சா பந்தைத் தேடத்தான் வேணும்."

அந்த இடத்தில்தான் எனக்கு உங்கட அம்மாவின் நினைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் அவ வலைப்பந்து அணித் தலைவி. இந்த நாட்டுக்கு வந்தபிறகு எத்தனையோ ஒன்றுகூடலுக்குப் போயிருக்கிறோம், ஒரு பந்தைக்கூட அவ தொட்டதில்லை. நாங்கள் கிரிக்கெட் அடிப்போம். அவ சாப்பாட்டு மேசையில் நிற்பா. இந்த விளையாட்டில் அவவும் வரிசையில் நிற்கலாமே! சொன்னபோது, "உங்களுக்கென்ன விசரே, இந்த வயசில?" என்றா. அடுத்த சனிக்கிழமை தானாகவே போய் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தா.

சங்கச் செயற்குழுவில் விளையாட்டை விளங்கப்படுத்தினேன். எல்லாருக்கும் நன்றாகப் பிடித்துவிட்டது. பிழை நடந்தது அங்கேதான். எங்கட ஆட்களுக்கு ஒன்று பிடித்தால் அதற்குக் கிண்ணம் வைக்காமல் விடமாட்டார்கள். பொருளாளர் உடனே எழும்பி, தன் தகப்பனாரின் ஞாபகார்த்தமாக ஒரு வெற்றிக்கிண்ணம் தருகிறேன் என்றார். கிண்ணம் வந்தால் சட்டம் வேண்டும். சட்டம் வந்தால் அணி வேண்டும். கடைசியில் பக்கத்துக்கு ஏழு பேர், ஆண்கள் மட்டும், ஒரே நிற ரீசேட் என்று முடித்தார்கள்.

"அண்ணை, இது எல்லாரும் விளையாடுறது," என்றேன்.

"எல்லாரும் விளையாடினா கிண்ணத்தை ஆரிட்டக் குடுக்கிறது?" என்றார் தலைவர்.

"அப்ப பொம்பிளையள்?"

"அவைக்குச் சங்கீதக் கதிரை இருக்குத்தானே, தம்பி."

இங்கே தாழையோலைக்கு எங்கே போவது? நண்பர், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டிகளில் இரண்டு பந்தைப் பின்னிக்கொண்டு, தன் லீவு நாளையும் விட்டுவிட்டு ஒன்றுகூடல் நடந்த பூங்காவுக்கு வந்தார். கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள். அவர் சுற்றிவரப் பார்த்தார். கோட்டுக்குள் பதினான்கு பேர். வெளியே ஊரே நிற்கிறது.

"உவை ஏன் உள்ள வரேல்லை?" என்று என்னிடம் கேட்டார்.

"பாக்க வந்தவை," என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

இறுதி ஆட்டத்தில் இரண்டு பந்தும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் விழுந்தன. எது முந்தி விழுந்தது என்று சண்டை தொடங்கியது.

"உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"நீர் முதல்ல உம்மட வண்டி வயித்தைக் கோட்டுக்குள்ள வையும்!"

நண்பரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு, "ரண்டு பக்கமும் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுங்கோ, திரும்பத் தொடங்குவம்," என்றார். நான் தமிழில் உரத்துச் சொன்னேன்.

"அது சட்டத்தில இல்லை," என்றார் பொருளாளர்.

ஒருவர் கோபத்தில் பந்தைத் தூக்கி எறிந்தார். அது சாப்பாட்டு மேசைப் பக்கம் பறந்தது. அம்மா கொத்துரொட்டிக் கரண்டியைப் போட்டுவிட்டு, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. பந்து எல்லார் தலைக்கும் மேலால் போய் மற்றக் கரையில் விழுந்தது. நண்பர் விசிலை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

"அக்கா, விளையாட்டைக் குழப்பாதேங்கோ, பந்து வந்தா உருட்டி விடுங்கோ," என்று மைக்கில் தலைவரின் சத்தம் கேட்டது.

அம்மா திரும்பக் கரண்டியை எடுத்தா. வரிசையில் ஒருதரும் நகர்ந்து இடம் விடவில்லை. வெள்ளைச் சப்பாத்தில் பட்டது கறி மட்டும்தான்.

போன கிழமை தலைவர் போனில் சொன்னது இதுதான்: வாற வருசம் ஆண்கள் போட்டிக்கு இரண்டு கிண்ணமாம், பந்துகள் வேண்டுமாம். "பொம்பிளையளும் வரிசையில நிக்கட்டும், ஆம்பிளையள் சாப்பாட்டைப் போடட்டும். அப்ப தாறன்," என்றேன். "நல்ல பகிடி, தம்பி," என்று சிரித்தார். நான் பகிடி விடவில்லை. அதுதான் கத்தினேன்.

போனை வைத்த பிறகு அம்மா ஒரு பந்தை எடுத்து, ஹோலுக்குள் நின்று மேலே ஒரு தட்டுத் தட்டினா. அது சீலிங்கில் பட்டு நிலத்தில் தொம்மென்று விழுந்தது. உடனே கீழ்வீட்டுக்காரர் தடியால் மேலே இடித்தார்.

"பாத்தீங்களே, இங்கயும் ஒருத்தர் மைக்கோட நிக்கிறார்," என்றா அம்மா.