இரண்டு பக்கமும் ஒரே கோடு

சரக்கு ரயில் வரும்போது எல்லோரும் இஞ்சினைப் பார்ப்பார்கள். என் அண்ணன் பார்க்க மாட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, இஞ்சின் கடக்கும்வரை தரையைப் பார்த்தபடி நிற்பார். முதல் வேகன் வந்ததும்தான் தலை நிமிரும். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணும். கடைசி வேகன் போனதும் அந்தக் கணக்கை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நான் இருந்தால் என்னிடம், இல்லையென்றால் கேட்கீப்பரிடம். "அம்பத்தெட்டு. ரெண்டு காலி." முப்பது வருடமாக இதைப் பார்த்து வந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு லாரி எடைமேடையில் எழுத்தர் வேலை. பகலெல்லாம் லாரிகளை எடை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் கட்டில் அளவு பலகையில் ஓடும் சின்ன ரயிலோடு உட்கார்ந்துவிடுவார். "உங்க அண்ணன் தாலி கட்டினது எனக்கில்ல, கரி வண்டிக்கு" என்பார் அண்ணி. அந்தப் பேச்சு வெளியே போய், ரயில் பொம்மை சேர்ப்பவர்கள் சங்கத்தில் அவர் பெயரே 'கரிவண்டி' ஆகிவிட்டது. அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மாதிரி ரயில்கள் விற்கும் கடையை வைத்திருந்தவர் அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்தபோது, "அவ கை நடுங்காதுடா" என்று சொல்லி அண்ணன்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கட்டைவிரல் நீள வேகன்களுக்கு வண்ணம் பூசி, மெல்லிய தூரிகையால் எண் எழுதுவது என் வேலை. ஆட்களோடு பேச வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்துப் போனது. முன்னால் நடப்பது எல்லாம் கதவிடுக்கில் தெரியும்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு சுரங்கம் இருந்து, மூடப்பட்டது. அதன் நிலக்கரி வேகன்களை உடைத்து விற்றுவிட்டார்கள். மிஞ்சியது மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள். அந்த வண்டிக்கு என்ன நிறம் என்பதைத்தான் அண்ணன் பதினோரு வருடம் தேடினார். சங்கத்தில் சிரித்தார்கள். "கரி அள்ளுற வண்டி கருப்பாதானேப்பா இருக்கும்?"

"கரி அள்ளுறவன் சட்டை, தைக்கும்போதே கருப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

விடுமுறை நாளெல்லாம் சைக்கிளில் போய்ச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்தார். ஒரு வீட்டில் பழைய வேகன் பலகைகளால் அடித்த கோழிக்கூடு இருந்தது. "கூட்டைச் சுரண்டி, கோழி முட்டை போடலேன்னா நீங்க வந்து போடுவீங்களா?" என்று அந்த வீட்டு அம்மா மடக்கினாராம். அண்ணன் கூட்டின் உடைந்த கதவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, மூலையில் ஓர் அங்குலம் மட்டும் சவரப் பிளேடால் சுரண்டினார். தார், நீலம், மறுபடி தார். எல்லாவற்றுக்கும் அடியில், நன்றாக வெந்த செங்கல்லின் சிவப்பு. அந்தச் சிராயை நோட்டில் ஒட்டி வைத்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடக்கூட இல்லை. நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

சுரங்கத்தில் வேகன்களை ஒன்றோடொன்று கோக்கும் வேலை பார்த்த முதியவர் ஒருவர், படங்களில் வண்டியின் பக்கவாட்டில் தெரிந்த வெள்ளைக் கோட்டின் காரணத்தையும் சொல்லியிருந்தார். வண்டியின் ஒரு முனையில் மட்டும்தான் திறக்கும் கதவு உண்டு. அந்த முனையை நோக்கிப் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக ஏறும். தூரத்திலிருந்தே கோட்டைப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்த்தால் கரி கொட்டும் என்று தெரிந்துகொள்வார்கள். அண்ணன் நோட்டில் வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்தார். மறுபக்கம் அவர் தலைக்குள் இருந்தது.

கடைக்காரருக்கு ஆசை வந்தது. "டேய், இந்த வண்டிய நாமளே கொண்டு வருவோம். பெட்டிக்குள்ள வரலாறு எழுதி ஒரு சீட்டு. கீழே உன் பேரு."

"கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இப்பதான் என் பேரு அச்சுல வரப்போகுது" என்று வீட்டில் வந்து சொன்னார் அண்ணன். அதற்கு முன் அவர் தன் பெயருக்காகச் சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நிறம் ஒப்பிட்டு மாதிரி செய்ய நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் அது கடையில் இருந்தது. கடைக்காரர் பக்கம் பக்கமாக நகல் எடுப்பதைப் பார்த்தேன். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். பிறகு அச்சகத்திலிருந்து சீட்டு வந்தது. கீழே கடைக்காரரின் பெயர் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "கடைசில சேர்த்துக்கலாம், நீ எதுவும் போய்ச் சொல்லி அவனைக் குழப்பாதே" என்றார். நான் தலையாட்டினேன். ஒரு மாதம் ஒரே வீட்டில் அண்ணனோடு சாப்பிட்டேன், வாய் திறக்கவில்லை.

ஐந்நூறு பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்திறங்கின. வெளியீட்டன்று அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சங்கத்தார் எல்லோரும் இருந்தார்கள். பெட்டியைத் திறந்தார். சீட்டைப் படித்தார். மடித்து உள்ளே வைத்தார். பிறகு வேகனை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார். நோட்டில் இருந்த ஒரு பக்கத்தையே இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள்; எப்படித் திருப்பினாலும் கோடு ஒரே கைப்பக்கமாக ஏறியது. ஒரு பக்கம் கதவைக் காட்டியது. மறுபக்கம் மூடிய சுவரைக் காட்டியது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"எல்லாம்தான் உன் நோட்டுல இருந்துச்சேடா."

"நோட்டு என்கிட்டல்ல இருக்கு?"

கடைக்காரர் பின்னறை வாசலில் நின்ற என் பக்கம் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். தூரிகையைக் கையில் பிடித்தபடியே சொன்னேன். "நகல் எடுத்தாங்கண்ணா. நான் கொண்டு வந்தப்போ."

"சீட்டு?"

"போன மாசமே பாத்தேன்."

"அவன் கடைக்காரன், விட்டுடலாம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." சத்தம் போடவில்லை. வேகனைப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

தொண்ணூறு பெட்டி விற்பதற்குள் வாங்கியவர்கள் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய படங்களைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது வாரம் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். சில வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே கோடு இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"நீ சொன்னா எல்லாரும் அடங்கிருவாங்கடா. அடுத்த பதிப்புல உன் பேரைப் பெருசா போடுறேன்."

"அன்னைக்கு ஏன் போடல?"

கடைக்காரர் நாற்காலி விளிம்பைத் தடவினார். "உன் பேரைப் போட்டா யாருக்குடா தெரியும்?"

"அன்னைக்கு யாருக்கும் தெரியாத பேரு, இன்னைக்கு மட்டும் எப்படிடா சோறு போடும்?"

"இவ்வளவு வருஷப் பழக்கம்டா. ஒரு கோட்டுக்காகவா?"

"அந்தக் கோட்டை நம்பித்தான் ஒருத்தன் பத்து டன்னைச் சாய்ச்சான்" என்றார் அண்ணன். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணி டீயைக் கொண்டு வந்து வைத்தார். "குடிச்சிட்டுப் போங்க. இதுக்கும் பேரு போட வேண்டாம்."

அவர் குடிக்காமல் போனார். அண்ணன் அந்த டம்ளரை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, வண்டியின் மறுபக்கத்தை வரைந்து என் முன்னால் தள்ளினார்.

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? இதைப் பாத்துத் திருத்திடு."

"உங்க பேரு, அண்ணா?"

"கோட்டைத் திருத்துன்னு சொன்னேன்."

மறுநாள் கடைக்காரரிடம் தாளைக் காட்டினேன். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

இப்போதும் நான் அதே பின்னறையில் இருக்கிறேன். விற்காத நானூற்றுப் பத்து வண்டிகளில் நூற்று அறுபதுக்கு மறுபக்கக் கோட்டைச் சுரண்டி எடுத்து, சரியான திசையில் போட்டாகிவிட்டது. பெட்டிக்குள் சீட்டு மாறவில்லை. கடைக்காரர் பெயர்தான் இருக்கிறது. அண்ணன் கடைத் தெருவுக்கே வருவதில்லை. என்னிடம் பேசுகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். ரயில்வே கேட்டில் சேர்ந்து நின்றால் விரல்கள் எண்ணுகின்றன. எத்தனை என்று மட்டும் என்னிடம் சொல்வதில்லை.