மஞ்சள் பேருந்தும் இருநூற்றுப் பத்து பேரும்

"யாருக்குன்னு உங்க வாயால பேரைச் சொல்லுங்க, ஆர்தர். 'உனக்குத்தான் தெரியுமே'ன்னா நான் எதை எழுதுறது?"

பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங் மேல் நோட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு டார்லீன் ஷாரெட் காத்திருக்கிறார். எதிர்முனையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருமுகிறார், மழுப்புகிறார், நடுவில் வீட்டு நாயைத் திட்டுகிறார். டார்லீனுக்கு அவசரமே இல்லை. கடைசியில் பெயர் வந்து விழுகிறது. நோட்டில் ஒரு வரி ஏறுகிறது: உறுப்பினர் யார், எந்தத் தொகுதி, எந்த வேட்பாளருக்கு ஆதரவு, தேதி, மணி.

காலை எட்டரைக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றிக்கொள்ள மதியம் இரண்டு ஆகும். இடைப்பட்ட நேரம் ஹார்லோ ஊர்ப் பணிமனையின் பின்னால் பேருந்து நிற்கும். என்ஜினை ஓடவிட்டுக் குளிர் காயலாம்; மற்ற ஓட்டுநர்கள் அதைத்தான் செய்கிறார்கள். டார்லீன் அணைத்துவிடுவார். "டீசல் ஊரோடது, பட்டியல் என்னோடது" என்பார். காதை மூடும் கம்பளித் தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறை, குடுவையில் பட்டாணி சூப், குளிரில் மை உறையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகிய பேனா. இவ்வளவுதான் அவருடைய அலுவலகம்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலுக்காக இங்கே வந்து இறங்கிவிடுவார்கள். சர்ச் கூடத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு பான்கேக் புரட்டுவார்கள். எங்கள் சட்டமன்றத்தில் கீழவையில் நானூறு பேர், மேலவையில் இருபத்து நான்கு பேர். வருடத்துக்கு நூறு டாலர் சம்பளம். ஒருவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர், ஒருவர் தேனீ வளர்க்கிறவர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மற்ற வருடங்களில் இவர்களைச் சீந்த ஆள் கிடையாது. இந்த ஒரு மாதம் மட்டும் வாஷிங்டனிலிருந்து செனட்டரே கூப்பிட்டு, "உங்க இடுப்பு ஆபரேஷன் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்.

இந்தத் தடவை போட்டி ஒரு கட்சியில்தான். செனட்டர் மார்ஸ்டன், கவர்னர் எல்ட்ரிட்ஜ், இன்னும் சில உதிரிகள். அந்தக் கட்சிக்கு இரண்டு அவையிலும் சேர்த்து இருநூற்றுப் பத்து உறுப்பினர்கள். யார் யாருக்கு என்பதை ஒன்றுவிடாமல் கேட்டு எழுதுவதுதான் டார்லீனின் வேலை. வேலை என்று யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஹார்லோ வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் பட்டியல் வரும். அன்று மதியத்துக்குள் பாஸ்டன் தொலைக்காட்சிகள் அதை வாசித்துவிடும்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் சிரிப்பார். இருபது வருடத்துக்கு முன் ஒரு வேட்பாளர் தன் ஆதரவாளர்கள் என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். அதில் ஆறாவதாக இருந்த மனிதரை முந்தைய வாரம்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சாவுக்குப் பீன்ஸ் சமைத்தவர் டார்லீன். "செத்தவங்க ஓட்டுப் போடுறதுகூட அங்கங்க நடக்கும். ஆதரவு அறிக்கை விட்டதை அன்னைக்குத்தான் பார்த்தேன்." மறுநாளே நோட்டு வாங்கிவிட்டார்.

அன்று முதல் ஒரே கறார்: வாயால் சொன்னால்தான் வரி. மாலை விருந்தில் வேட்பாளரோடு படம் எடுத்துக்கொண்டது கணக்கில் வராது. "அவர் அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்காரு" என்று யாராவது சொன்னால், "சாயுறது மரம். மனுஷன்னா சொல்லணும்" என்று வாயை அடைத்துவிடுவார். மார்ஸ்டன் அலுவலகத்திலிருந்து கைல் என்ற இளைஞன் ஒருமுறை நாற்பது பெயரை மொத்தமாக அனுப்பினான். டார்லீன் நாற்பது பேரையும் கூப்பிட்டார். முப்பத்து மூன்று தேறியது. ஒருவர் மூன்று வேட்பாளர்களுக்குத் தலையாட்டி வைத்திருந்தார். "வீடு தேடி வந்து, என் பெண்டாட்டி சுட்ட கேக்கைச் சாப்பிட்டுட்டு கேக்குறாங்க டார்லீன். மூஞ்சியைப் பார்த்து மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் அழாத குறை. அவருக்கு நோட்டில் இடம் கிடைக்கவில்லை.

டார்லீன் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது அவர் கணவர் ரேமண்டுக்கே தெரியாது. முப்பத்தாறு வருடமாகக் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட டார்லீனும் ஒரு தடவை சறுக்கினார்.

அவருடைய பேருந்துப் பாதையில், ஏரிக்கு முந்தைய மேட்டில், நார்மன் டட்டிலின் வீடு. பதினான்கு தடவை சட்டமன்றத்துக்குப் போனவர், மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர், எழுபத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். பேசாத மனிதருக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. நார்மன் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அவர் பின்னால் போக நாலு பேர் தயாராக இருந்தார்கள். பிரைமரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஒரு வியாழக்கிழமைக் காலை, ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து டார்லீன் பார்த்தார்: நார்மன் வீட்டு முற்றத்துப் பனியில் மார்ஸ்டன் பெயர் போட்ட பலகை.

பணிமனைக்கு வந்ததும் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றுக்குக் கூப்பிட்டார். பதில் இல்லை. நார்மன் உறைந்த ஏரியின் நடுவில், மீன்பிடிக் குடிசைக்குள், பனிக்கட்டியில் போட்ட துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே சிக்னல் ஏது? பட்டியலை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். பலகை கண்ணெதிரே நிற்கிறது. சொந்த முற்றம். டார்லீன் எழுதிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் "டட்டில் மார்ஸ்டன் பக்கம்" என்று தொலைக்காட்சி வாசித்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டு உறுப்பினர்கள் தாங்களாகவே கூப்பிட்டு, "நார்மனே போயிட்டாருன்னா எங்களையும் போட்டுக்கோ" என்றார்கள். மாலையில் நார்மனே கூப்பிட்டார்.

"டார்லீன், அது ஃபிலிஸ் வச்ச பலகைம்மா."

 நார்மனின் மனைவி ஃபிலிஸ். கார் போகும் பாதைக்கு இடப்பக்க முற்றம் ஃபிலிஸுக்கு, வலப்பக்கம் நார்மனுக்கு. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இந்தப் பாகப்பிரிவினை உண்டு. புருஷன் ஒரு வேட்பாளர், பெண்டாட்டி ஒரு வேட்பாளர், நடுவில் கார். வெளியூர்ப் பத்திரிகைக்காரன் இதில் விழுந்தால் மன்னிக்கலாம். டார்லீன் தினமும் அந்த முற்றங்களைப் பார்த்துக்கொண்டேதான் பேருந்து ஓட்டுகிறார். பலகை இடப்பக்கம் நின்றது அவர் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"நான் ஒண்ணும் கோவிச்சுக்கலை" என்றார் நார்மன். "நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறக்கட்டும். ஆனா நான் எழுதினது பொய்யாச்சே."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று ரேமண்ட் சொன்னார். அவமானம் என்பதைவிடப் பயம்தான் அதிகம். ஒரு வரி இப்படி ஏறியிருந்தால், மீதி வரிகளை எதற்கு நம்ப வேண்டும்? இருபது வருடமாகப் பட்டியலுக்கு இருந்த ஒரே பலம், அதில் இருப்பவர் சொல்லித்தான் இருக்கிறார் என்பது. அது போனால் இதுவும் கைல் அனுப்பும் காகிதமும் ஒன்று.

சனிக்கிழமை காலை நார்மன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடுத்த பட்டியலுக்கு ஆறு நாள். நோட்டில் மீதம் நூற்று அறுபத்து மூன்று பெயர்கள். முதல் பெயரிலிருந்து திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்.

"போன மாசந்தானே சொன்னேன்?" என்று சிலர் எரிந்து விழுந்தார்கள்.

"ஆமா. இன்னொரு தரம் சொல்லுங்க. ஒருத்தர் விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன். என் மேலயே எனக்கு சந்தேகமா இருக்கு."

நூற்று அறுபத்து மூன்று பேரிடமும் இதைச் சொன்னார். தன் தவறைத் தானே தமுக்கடித்துச் சொல்கிற ஆளை அரசியல் பக்கத்தில் பார்த்துப் பழக்கமில்லாததால், கோபித்தவர்களும் தணிந்து பெயரைச் சொன்னார்கள். நார்மனை நம்பி வந்த இரண்டு பேரில் ஒருவர் பின்வாங்கினார். இன்னொருவர், "வந்தது வந்தாச்சு, இருந்துட்டுப் போறேன்" என்றார். புதன்கிழமை வாக்கில் டார்லீனுக்குத் தொண்டை கட்டி, பிள்ளைகளைப் பேருந்தில் அதட்டக்கூடக் குரல் இல்லை.

வெள்ளிக்கிழமைப் பட்டியலோடு மறுப்பும் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுக் கைல் ஓடிவந்தான்.

"மேடம், எதுக்கு மறுப்புப் போட்டு வம்பு இழுக்கறீங்க? செவ்வாய்க்கிழமை தேர்தல். அவரே ஒண்ணும் சொல்லலையே."

"அதான் தம்பி விஷயமே. அவர் ஒண்ணும் சொல்லலை."

பத்திரிகை ஆசிரியர் மிரியம் ஸ்லேட்டும் இறங்கிவரச் சொல்லிப் பார்த்தார். ஆறாம் பக்கத்தில், கோழித்தீவன விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரித் திருத்தம் போதாதா? டார்லீன் ஒப்பவில்லை. தவறு மூன்றாம் பக்கத்தில், பட்டியலின் தலையில் வந்தது; திருத்தமும் அங்கேதான். "அப்படிப் போட்டா தொலைக்காட்சிக்காரங்க இனிமே உன் பட்டியலைத் தொடவே மாட்டாங்க" என்றார் மிரியம். "தெரியும்" என்றார் டார்லீன். தெரிந்துதான் சொன்னார், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தை மிரியம் பார்க்கவில்லை, தொலைபேசிதானே.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, பணிமனையின் பின்னால் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. எண் பலகையில், இங்கே உறுப்பினர்களுக்கு உண்டான வழக்கப்படி, சட்டமன்ற இருக்கை எண். நார்மன் டட்டில் இறங்கி, பனியில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்து, பேருந்துக் கதவைத் தட்டினார். உள்ளே ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்த இருக்கை. முழங்கால் மோவாயைத் தொட்டது.

"எழுதிக்கோ" என்றார். "மார்ஸ்டன். வாயால சொல்லிட்டேன். ஆச்சா?"

டார்லீனின் பேனா சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. அவர் கேட்க ஆசைப்பட்ட ஒரே சொல் அதுதான். இந்த ஒரு வரி எழுதிவிட்டால் போன வாரப் பட்டியல் தவறே இல்லை. மறுப்பு வேண்டாம், தொலைக்காட்சியின் இளக்காரம் வேண்டாம், இருபது வருடம் அப்படியே நிற்கும். கை நோட்டின் மேல் போனது, நின்றது.

"நார்மன், ஒண்ணு கேக்குறேன். மார்ஸ்டனுக்காகச் சொல்றீங்களா, எனக்காகவா?"

நார்மன் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் பனிப்பூச்சு, பார்க்க ஒன்றுமில்லை. டார்லீன் சூப் குடுவையின் மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். நார்மன் வாங்கி இரண்டு வாய் குடித்தார்.

"ஃபிலிஸ்தான் அனுப்பினா. 'என் பலகையால அந்தப் பொண்ணு பேர் கெடுது, போய் ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க'ன்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுது."

"உங்க முடிவு என்ன?"

"இன்னும் எடுக்கலை. திங்கக்கிழமை ராத்திரி வரைக்கும் எடுக்கவும் மாட்டேன். ரெண்டு பேர் மேலயும் எனக்குப் பெரிசா நம்பிக்கை இல்ல, போதுமா?"

டார்லீனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு புதிய வரியில் எழுதினார்: நார்மன் டட்டில், முடிவு செய்யவில்லை, தேதி, பத்து நாற்பத்தைந்து.

பிறகு நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நார்மனிடம் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குள் மிரியத்துக்குப் போக வேண்டிய திருத்தம். நார்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நார்மன் டட்டில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு தெரிவிக்கவில்லை. அவரிடம் கேட்காமல் பெயரைச் சேர்த்தது டார்லீன் ஷாரெட்டின் தவறு.

"எல்லாம் சரி" என்றார் நார்மன். "உன் பேரை மட்டும் எடுத்துடேன். 'பத்திரிகையின் தவறு'ன்னு போட்டா யாருக்கு என்ன?"

டார்லீன் தாளை வாங்கி ஸ்டியரிங் மேல் வைத்தார். உள்ளங்கையில் பேனாவை உருட்டிச் சூடு காட்டி, ஏற்கெனவே எழுதியிருந்த தன் பெயரின் மேலேயே, எழுத்து எழுத்தாக, இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.