இரண்டு விதிகளும் ஒரு கம்பிச் சுருளும்

குடவாசல் கடைத்தெருவில் எழில்மொழியைத் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணீர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்பெட்டி செய்கிறவள். அரிசி மண்டிக்குப் பின்னால் பட்டறை. அம்மா காத்தாயி நடவுக்குப் போய்த்தான் மகளை இன்ஜினீயர் ஆக்கினாள். மகளோ சென்னையில் மின்சாதனச் சோதனைக்கூடம் ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு, அடுத்தவன் பெட்டியில் குற்றம் கண்டுபிடித்தது போதும், இனி நானே செய்து திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று ஊர் திரும்பினாள். வாய் கொஞ்சம் நீளம். வேலையும் அதற்குக் குறைந்ததில்லை.

இந்த வருஷம் உழவர் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. குழுத் தலைவர் துரைராசுவின் போர்வெல் கொட்டகையில் முதல் பெட்டியை மாட்ட வேண்டும். அவர் சரி என்றால் குழுவில் எல்லோருக்கும் அதே பெட்டி. குறுவைக்கு நாற்றங்கால் போடுவதற்குள் முடியவில்லை என்றால் வெளியூர் கம்பெனி உள்ளே வந்துவிடும். அப்படி வந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டி அருமையாக ஓடியது. தண்ணீர் பொங்கிக் கொட்டியது. ஆனால் துரைராசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மோட்டாரைக் குறை சொல்லலம்மா. அது ஓடினா ரேடியோ செத்துப்போவுது."

கொட்டகையில் உட்கார்ந்து திருச்சி வானொலியில் வேளாண் செய்தி கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. போனில் கேட்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பெட்டி ஓடும்போது ரேடியோவைக் கெடுக்கிற மின் இரைச்சலைக் கொஞ்சம் வெளியே விடத்தான் செய்யும். எவ்வளவு விடலாம் என்று விதி இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஒன்று, தாராளம். வீட்டுக்கு ஒன்று, கறார். தொழிற்சாலை விதிப்படி எழில்மொழியின் பெட்டி பாஸ். சான்றிதழை நீட்டிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. பெண்கள் துணி துவைத்து, பிள்ளைகள் தொட்டியில் குதித்துக் குளிக்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யார் சொல்வது?

வீடு என்றே வைத்துக்கொண்டு உள்ளே வடிகட்டியைப் பெரிதாக்கினாள். ரேடியோ பேசியது. ஆனால் எர்த்துக்குப் போகிற மின்கசிவு கூடிப்போய், ஷாக்கிலிருந்து ஆளைக் காக்கிற பிரேக்கர் படக்கென்று விழுந்தது. இரைச்சல் விதி வடிகட்டு என்கிறது, பாதுகாப்பு விதி கசியாதே என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பிரேக்கரைக் கழற்றிவிட்டால் போச்சு, ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்றார் துரைராசு. எழில்மொழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஈரக்காலோட நிக்கிற எடம் ஐயா இது. ஆர்டர் போனாலும் போவட்டும், அதை மட்டும் செய்யமாட்டேன்."

கோபத்தோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவளின் கண்ணில் அது பட்டது. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கம்பியில் மிச்சம் உள்ளதெல்லாம் பெரிய சுருளாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்க வேண்டுமே என்று இந்தப் பக்கத்தில் யாரும் மிச்சக் கம்பியை வெட்டுவதில்லை. சோதனைக்கூடத்தில் மாட்டிப் பார்த்த கம்பியோ குட்டை. ஏரியல் மாதிரி இரைச்சலைப் பரப்பி ரேடியோவைக் கெடுத்தது இந்தச் சுருள்தான். இப்படிப்பட்ட சுருள்களின் கீழே குளித்து வளர்ந்தவள் இதை மறந்துபோனாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, சித்திரையில் நீ வந்து ஒட்டுவாயா என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

ஆகவே பெட்டிக்குள்ளேயே வேலை நடந்தது. வடிகட்டியைப் பழையபடி சிறிதாக்கி, மோட்டார் கம்பி வெளியே வருமுன் ஒரு காந்த வளையத்தில் பல சுற்று சுற்றவிட்டாள். இரைச்சல் சுருளுக்குப் போகாமல் அங்கேயே மடங்கியது, எர்த்துக்கும் கசிவு கூடவில்லை. தன் கண் மட்டும் போதாது என்று, அதே அளவு கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினாள். சோதனைக்கூடத்தில் பழைய சகா சமீர் சுருளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"விதியில இப்படி ஒரு சுருளே கிடையாது, எழில்."

"எங்க ஊர்ல இருக்கு. மாட்டுங்க சமீர்."

மாட்டினான். வீட்டு விதியிலும் பாஸ், கசிவிலும் பாஸ்.

திரும்பி வந்து பெட்டியை மாட்டியபோது துரைராசு சந்தேகத்தோடு ரேடியோவை உச்சத்தில் வைத்தார். மோட்டார் ஓடியது. விதைநேர்த்தி பற்றி யாரோ கணீரென்று பேசிக்கொண்டே போக, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் குழுச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"வெளியூர்க்காரனை வரவேண்டாம்னு சொல்லிடு. எல்லாருக்கும் நம்ம எழில்மொழி பெட்டிதான்."

அதைக் கேட்டதும் எழில்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டே, பிரேக்கர் இல்லாத கொட்டகைக்குப் பெட்டி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். துரைராசு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதையும் சொன்னார்.