இருக்கிறதென்று சொல்லக்கூடாத குண்டுகள்

நேற்று ரொம்சோஸ் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது பாறையின் ஈர வாசனை மூக்கில் ஏறியது. மலையைக் குடைந்து கட்டிய நிலையம் அது. போர் வந்தால் சனங்கள் ஒளிந்துகொள்ளவென்று கனத்த கதவும் உண்டு. அப்பா அதைப் பங்கர் என்றுதான் சொல்வார். பக்கத்தில் நின்ற இரண்டு பெடியள் அந்தக் கதவு இப்போதும் பூட்டுமா என்று நொர்வேஜிய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு லீஸின் ஞாபகம் வந்துவிட்டது.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு கிடைத்த வேலையை வீட்டாருக்கு விளங்கப்படுத்தப் பெரும்பாடு பட்டேன். ஐரோப்பாவில் சில நாடுகள் அமெரிக்காவின் அணுகுண்டுகளைத் தங்கள் மண்ணில் வைத்திருக்கின்றன. உரியவர்களே அவற்றைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று கூட்டம் போடுவது எங்கள் சின்னக் கந்தோரின் வேலை. அப்பா மன்னாரில் கடற்தொழில் செய்தவர், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கையில், மகன் குண்டு எடுக்கிற வேலை செய்கிறான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கண்ணிவெடி என்று நினைத்த ஒரு மாமா என் தோளைப் பிடித்து, "தம்பி, காலைப் பாத்து வை" என்றார். நானோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

லீஸ் பெல்ஜியத்துக்காரி. குண்டுகள் இருப்பதாகப் பேசப்படும் ஒரு விமானத்தளத்தின் வேலியோடு ஒட்டியது அவருடைய ஊர். எங்கள் கூட்டத்தில் பேச வரும்படி மாதக்கணக்காக எழுதிச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். தங்கியது எங்கள் வீட்டில். அம்மா சொதியில் உறைப்பைக் குறைத்திருந்தார்.

சாப்பாட்டின் நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகனுக்கு அந்தத் தளத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. தாய் வாயைத் திறந்தால் அது போய்விடும். கூட்டத்தில் பேசுவதாக எங்களுக்குத் தந்த வாக்கை மீறவும் அவருக்கு மனமில்லை. குண்டு இருக்கிறதா இல்லையா என்று அரசாங்கமே வாய் திறக்காதாம். மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்கடை ஊரிலை எண்டாலும் கண்ணிவெடி கிடந்த இடத்திலை மண்டையோட்டுப் பலகை நட்டவங்கள். இவைக்கு அதுவும் இல்லையோ?"

சொல்லாமல் விடப் பார்த்தேன். லீஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன். பலகை எவ்வளவு பெரிது என்று கேட்டார். அம்மா இரண்டு கையாலும் அளந்து காட்டினார்.

அடுத்த நாள் மேடையில் கேள்வி கேட்பவன் நான். நேரடியாகக் கேள், சொல்லத்தானே வந்தவர் என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார் எங்கள் பொறுப்பாளர். முன்வரிசையில் நாடாளுமன்றத்திலிருந்து வந்தவர்கள். யன்னல் இல்லாத மண்டபம். கேட்டால் ஒரு பிள்ளையின் வேலை போகும். கேட்காவிட்டால் இந்தக் கூட்டம் எதற்கு? உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். மாடுகள், காலைப் பனிப்புகார், வேலியோரம் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அங்கே என்ன இருக்கிறதென்று நான் சொல்ல முடியாது. அது எதுவாக இருந்தாலும் கொண்டுபோகச் சொல்லுங்கள்."

ஒருவரும் கைதட்டவில்லை. எழுத ஒன்றும் கிடைக்காத பத்திரிகைக்காரர் பேனையை மூடினார்.

மகனின் வேலை தப்பியது. பிறகு அவன் வேலிக்குப் பக்கத்திலேயே வீடும் கட்டினானாம். லீஸ் எழுதிய கடைசிச் செய்தி அது. ஐரோப்பாவில் போர் மூண்ட பின் எங்கள் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள். அன்று முன்வரிசையில் இருந்த ஒருவர், குண்டுகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று இப்போது தொலைக்காட்சியில் சொல்கிறார்.

அம்மா நெடுங்காலம், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "அந்த மனிசியின்ரை ஊரிலை இருந்து எடுத்திட்டாங்களோ?" இன்னும் இல்லையம்மா என்பேன். அந்தக் கந்தோர் இல்லாமல் போன பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அவரும் அந்தத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்; கேட்பதில்லை.